மருந்தறையிலிருந்து நகர மண்டபத்துக்கு

கொழும்பில் ‘தோட்டம்’ என்றால் பூவும் மரமும் நினைவுக்கு வருவதில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய ஒற்றை அறை வீடுகள், நடுவே திறந்த கான், முடுக்கின் முனையில் ஒரே ஒரு பொதுக்குழாய், அதைச் சுற்றி விடியுமுன்னே வரிசை கட்டிய வாளிகள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் கொட்டாஞ்சேனையிலும் அதைச் சூழ்ந்த வடகொழும்பிலும் இப்படித்தான் வாழ்ந்தார்கள். 1914இல் கொழும்புக்குப் பிளேக் வந்தது. அரிசிக் களஞ்சியங்களில் எலிகள் செத்து விழுந்தன, செட்டியார் தெருப் பக்கம் வீடு வீடாகச் சாவு. கானைச் சீர்செய்யாமல் காய்ச்சலை மட்டும் துரத்திப் பயனில்லை என்பது அக்காலத்து மருத்துவர்களுக்குக் கண்முன்னே தெரிந்தது.

அந்த நகரத்து மருத்துவர்தான் இரத்தினசோதி சரவணமுத்து.

கொழும்பு மாநகர சபை 1865ஆம் ஆண்டின் சட்டத்தால் பிறந்தது. ஆனால் எழுபது ஆண்டுகளாகத் தலைவர் நாற்காலியில் அரசு நியமித்த அதிகாரியே இருந்தார். 1937இல்தான் உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரை மேயராகத் தெரிவு செய்தார்கள். அப்படித் தெரிவான முதல் மேயர் சரவணமுத்து. சிங்களவர், முஸ்லிம், பறங்கியர், தமிழர் எல்லாரும் கலந்து வாழ்ந்த நகரத்தில் ஒரு தமிழ் மருத்துவர் அந்த இடத்துக்கு வந்தது சிறிய செய்தியல்ல.

அவர் பாதை நேரானதாக இருக்கவில்லை. இருபத்தொரு வயது நிறைந்த ஆண், பெண் எல்லாருக்கும் வாக்குரிமை கிடைத்த 1931 தேர்தலில் அவர் கொழும்பு வடக்கிலிருந்து அன்றைய இலங்கைச் சட்டமன்றமான அரசாங்க சபைக்குப் போனார். அடுத்த ஆண்டே தேர்தல் முறைகேட்டு வழக்கில் ஆசனம் பறிபோனது. இதை மறைக்கத் தேவையில்லை. அதன் பிறகு நடந்ததுதான் வியப்பு. 1932 இடைத்தேர்தலில் அவருடைய மனைவி நேசம் போட்டியிட்டு வென்றார். அடலின் மொலமூரேக்குப் பின் அந்தச் சபையில் அமர்ந்த இரண்டாவது பெண் அவர். தமிழ்ப் பெண்களில் முதலாமவர். 1936இலும் அதே தொகுதி அவரையே அனுப்பியது. 1941இல் இறக்கும்வரை அவர் அந்த ஆசனத்தில் இருந்தார். கணவர் இழந்த இடத்தைக் காக்க வந்தவர் என்று ஒரு வரியில் சொல்லிக் கடப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். ஒன்பது ஆண்டு உறுப்பினர் பதவியை எவரும் அனுதாப வாக்கில் ஓட்டிவிட முடியாது.

அந்தக் குடும்பத்தில் பொதுப்பணி ஒருவரோடு நிற்கவில்லை. தம்பியரில் பாக்கியசோதியின் பெயரைக் கொழும்பு ஓவல் மைதானம் சுமக்கிறது. மாணிக்கசோதி பினாங்கில் பத்திரிகை ஆசிரியர். 1941 டிசம்பரில் ஜப்பானியத் தாக்குதலின்போது பிரித்தானியர் கைவிட்டுப்போன அந்தத் தீவில் பிரித்தானியக் கொடியை இறக்கி வெள்ளைக் கொடியை ஏற்றியவர் அவர்.

1937ஆம் ஆண்டுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. வெள்ளவத்தைக்கு அடுத்த பம்பலப்பிட்டி வட்டாரத்திலிருந்து மாநகர சபைக்கு வந்தவர் மேரி ரட்ணம். கனடாவில் பிறந்து, 1896இல் இலங்கைக்கு மருத்துவராக வந்து, தமிழர் ஒருவரை மணந்து இங்கேயே தங்கிவிட்டவர். கொழும்பு மாநகர சபையின் முதல் பெண் உறுப்பினர் அவர்தான். சட்ட நுணுக்கம் ஒன்றைக் காட்டி அவர் பதவியைச் சீக்கிரமே நீக்கினார்கள். அவர் ஓயவில்லை. கிராமத்துப் பெண்களுக்காகத் தாம் முன்பே தொடங்கியிருந்த லங்கா மகிளா சமிதியைத் தொடர்ந்து வளர்த்தார்; 1958இல் மக்சேசே விருது அவரைத் தேடி வந்தது.

சரவணமுத்துவும் மருத்துவர், மேரி ரட்ணமும் மருத்துவர். நாடி பிடித்த கைகள் நகரத்தின் கணக்குப் புத்தகத்தையும் புரட்டின. குழாயும் கானும் தெருவிளக்கும் அவர்களுக்கு மருந்துச் சீட்டின் தொடர்ச்சி. வாக்குக் கேட்டு வருகிறவரிடம் கொட்டாஞ்சேனைக்காரர் இன்றும் முதலில் கேட்பது இந்த மூன்றையும்தான்.

கொழும்பு 13இல் சேர் இரத்தினஜோதி சரவணமுத்து மாவத்தை என்றொரு வீதி இருக்கிறது. அடுத்தமுறை அந்தப் பக்கம் போனால், பெயர்ப்பலகையைப் பிள்ளைகளுக்குக் காட்டி, அவர் யார் என்று சொல்லிக் கொடுங்கள்.