திருத்தும் செவி: அயல்மொழி கற்பிக்கும் விநோதக் கருவிகளை மதுரையிலிருந்து மதிப்பிடல்

முன்னுரை

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் வண்டி கிளம்பக் காத்திருக்கும்போது ஒருவர் ஏறுவார். உட்கார்ந்திருப்போர் மடியில் ஆளுக்கொரு புத்தகமாக வைத்துக்கொண்டே கடைசி இருக்கைவரை போவார். முப்பது நாளில் இந்தி, முப்பது நாளில் ஆங்கிலம். திரும்பி வருகையில் காசு கொடுத்தவரிடம் புத்தகம் தங்கிவிடும். மற்றவர் மடியிலிருந்து அவர் கைக்கே போய்விடும். அங்கிருந்து சற்றுத் தொலைவில் காளவாசல். பைபாஸ் சாலை நெடுக ஸ்போக்கன் இங்கிலீஷ், ஐஇஎல்டிஎஸ், ஜெர்மன் வகுப்புகளின் பலகைகள். உள்தெருவில் ஒரு வீட்டு வாசலில் மாலை நேரத்தில் சின்னச் சின்னச் செருப்புகள் குவிந்து கிடந்தால் உள்ளே இந்தி டியூஷன் நடக்கிறது என்று பொருள். போதாததற்கு, எல்லார் கைப்பேசியிலும் ஒரு செயலி.

இவற்றில் எதை நம்பலாம்? விளம்பரங்கள் நாள் கணக்குச் சொல்கின்றன. நாள் கணக்கும் புதுமையும் அளவுகோல்கள் ஆகா என்பதே இக்கட்டுரையின் வாதம். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. கற்பவர் கூச்சமின்றித் தவறு செய்ய இக்கருவி இடம் தருகிறதா? அத்தவறைக் கேட்டு, அப்போதே திருத்த எதிரே ஒரு செவி இருக்கிறதா? தமிழையே அயல்மொழியாகக் கற்றவர்களின் வரலாற்றிலிருந்து இவ்விரு கேள்விகளையும் பெறலாம்.

மணல்

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய லுத்தரன் பாதிரியார் சீகன்பால்க், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். பத்தாண்டுகளில், 1716இல், அவருடைய தமிழ் இலக்கணம் லத்தீனில் எழுதப்பட்டு ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது. அவர் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்ததைப் பணிவுக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். கற்பித்தல் நோக்கில் இதில் வேறொன்றும் உண்டு. மணலில் தவறு தங்குவதில்லை. கோணலாக விழுந்த ழகரத்தை உள்ளங்கையால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். பக்கத்தில் இருக்கும் பிள்ளை எட்டிப் பார்த்து, "அப்படி இல்லை, இப்படி" என்று சுழித்துக் காட்டும். தவறுக்குச் செலவில்லை, திருத்தத்துக்குத் தாமதமில்லை.

பின்னர் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இந்த மணல் எழுத்தையும் பிள்ளைக்குப் பிள்ளை கற்பிக்கும் முறையையும் எடுத்துக்கொண்டார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கைக்குப்பின் அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் பரவியது. ஒருவர் நூறு பேரைத் திருத்த முடியாது. பத்துப் பிள்ளைகள் பத்துப் பத்துப் பேரைத் திருத்த முடியும் என்பதே அம்முறையின் உயிர்.

கதை

மதுரை மிஷனைச் சேர்ந்த கத்தோலிக்கப் பாதிரியார் வீரமாமுனிவர் விட்டுச்சென்ற கருவி இன்னும் விநோதமானது. பேச்சுத் தமிழுக்குத் தனி இலக்கணம், செந்தமிழுக்குத் தனி இலக்கணம் என்று அவர் லத்தீனில் இரண்டு எழுதினார். 1728இல் முடித்த கொடுந்தமிழ் (பேச்சுத் தமிழ்) இலக்கணத்தை அச்சிட்டது, சமயத்தால் மாறுபட்டு நின்ற தரங்கம்பாடி லுத்தரன் அச்சகம், ஆண்டு 1738. படிக்கும் மொழி வேறு, பேசும் மொழி வேறு என்பதைக் கற்பவருக்கு மறைக்காமல் சொன்னதுதான் அந்நூலின் நேர்மை.

நாம் சிறுவயதில் கேட்டுச் சிரித்த பரமார்த்த குரு கதையும் அயலார் தமிழ் படிப்பதற்காகப் பிறந்ததே. தமிழ்–லத்தீன் அகராதியோடு, லத்தீன் மொழிபெயர்ப்புச் சேர்த்து, வாசிப்புப் பயிற்சியாக வீரமாமுனிவர் அதை இணைத்தார். 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் லண்டனில் அதை வெளியிட்டபோதும் ஆங்கில மொழிபெயர்ப்பு, சொற்பட்டியல், முதல் கதையின் சொற்பகுப்பு ஆகியவற்றுடன் பாடநூலாகவே வெளியிட்டார்.

ஆற்றைக் கடந்த சீடன் தன்னை விட்டுவிட்டு மற்றவரை எண்ணும் காட்சியை ஒரு பாடமாகப் பார்ப்போம். ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்ணிக்கை திரும்பத் திரும்ப வருகிறது. மாணவருக்கு எண்ணுப்பெயர் மனப்பாடமாகிறது. ஆனால் மனப்பாடம் செய்கிறோம் என்ற எண்ணமே வருவதில்லை. சிரிப்பு வந்தால் புரிந்தது; வராவிட்டால் ஏதோ ஒரு சொல்லைத் தவறவிட்டிருக்கிறோம், திரும்பிப் போக வேண்டும். கதையே தேர்வாளராகிவிடுகிறது. கதை மட்டும் போதாது என்பதும் உண்மை. பாதிரியாரின் உச்சரிப்பைத் திருத்த உடன் நடந்த உபதேசியார் இருந்தார், ஊர் இருந்தது.

எழுத்து

இந்தப் பின்னணியில், பேருந்தில் மடியில் வைக்கப்பட்ட முப்பது நாள் புத்தகத்துக்கு வருவோம். அதன் உத்தி, அயல்மொழியைத் தமிழ் எழுத்தில் தருவது. இந்தியில் 'கானா' என்று தமிழில் எழுதக்கூடிய சொற்கள் நான்கு உண்டு. வல்லொலியில் சொன்னால் ஒற்றைக்கண்ணன்; மூச்சோடு சொன்னால் சாப்பாடு; மெல்ல அதிர்த்துச் சொன்னால் பாட்டு; அதிர்வோடு மூச்சும் சேர்ந்தால் ஆப்பிரிக்காவின் கானா நாடு. தமிழ் எழுத்து நான்கையும் ஒன்றாக்கிவிடுகிறது. புத்தகத்தை முப்பது நாளும் பிசகாமல் படித்தவர், முப்பத்தோராம் நாள் உணவகத்தில் சாப்பாடு கேட்பதாக எண்ணிப் பாட்டுக் கேட்கக்கூடும்.

இதற்குத் தீர்வும் மதுரையிலேயே இருக்கிறது. இந்நகரின் சௌராஷ்டிர மக்கள் தம் மொழியைத் தமிழ் எழுத்தில் அச்சிடும்போது க², க³, க⁴ என்று மேலே சிற்றெண் இட்டு ஒலிகளைப் பிரிக்கிறார்கள். வடமொழித் தோத்திர நூல்களிலும் இம்முறை உண்டு. எழுத்தின் குறையை அயல்மொழி கற்பவரே முதலில் உணர்கிறார் என்பதற்கு நம் எழுத்தே சான்று: எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் இன்று நாம் பிரித்தெழுதும் வடிவத்தை வீரமாமுனிவரின் பணியாகவே மரபு சொல்கிறது.

ஒரு மறுப்பை இங்கே எதிர்கொள்ள வேண்டும். பாதிரிமாருக்கு ஆண்டுக்கணக்கில் நேரமும் கற்பிக்க ஆளும் இருந்தன. பிழைப்புக்காகச் சூரத்துக்கு ரயிலேறுபவருக்கு ஏது? இது நியாயமான கேள்வி. மலிவான அந்தப் புத்தகத்தை நான் இகழவில்லை. வாய் திறக்கும் துணிவை அது தருகிறது. ஆனால் உசிலம்பட்டிப் பக்கமிருந்து முறுக்குத் தொழிலுக்கு வெளிமாநிலம் போனவர்களைக் கேட்டால், தெரு வாடிக்கையாளர்தான் மொழி சொல்லிக்கொடுத்தார் என்பார்கள். விலையைத் தவறாகச் சொன்னால் நட்டம். திருத்தம் அந்த நொடியே கிடைத்துவிடும்.

உலகின் புதுமைகள்

இருபதாம் நூற்றாண்டின் விநோத முறைகளையும் இதே கேள்விகளால் அளக்கலாம். பல்கேரியாவின் லொசானோவ், சாய்வு நாற்காலியும் மெல்லிசையும் கொண்டு கற்பவரின் அச்சத்தைப் போக்க முயன்றார். கட்டெக்னோவின் முறையில் வண்ணக் குச்சிகளை வைத்து ஆசிரியர் வாய்மூடி நிற்பார், பேச்சு மாணவருடையது. ஆஷரின் முறையில் "எழு, நட, கதவைத் திற" என்ற கட்டளைக்கு உடல் பதில் சொல்லும். தவறாகக் கேட்டவர் தவறான பக்கம் நடப்பதால் பிழை உடனே தெரிந்துவிடும். மூன்றிலும் கூச்சம் குறைகிறது. எதிரே ஒருவர் இருக்கிறார். தூக்கத்தில் ஒலிநாடா கேட்டு மொழி கற்கலாம் என்ற வணிகம் மட்டும் இத்தேர்வில் தோற்றது. 1950களில் ஆய்வாளர்கள் சைமன், எம்மன்ஸ் இருவரும் மூளை அலைகளைப் பதிவுசெய்து சோதித்தபோது, உண்மையிலேயே உறங்கியவர்கள் எதையும் கற்கவில்லை என்று கண்டனர். உறங்குபவர் தவறு செய்வதில்லை. ஆகவே அவரைத் திருத்தவும் வழியில்லை.

2012இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த டியோலிங்கோ போன்ற செயலிகள் கூச்சத்தை அறவே போக்குகின்றன. நள்ளிரவில் நூறு தவறு செய்தாலும் யாரும் சிரிக்கப்போவதில்லை. ஆனால் இந்தியில் பெரியவரிடம் மரியாதை குறைந்த 'தும்' என்று பேசியதும் அவர் முகம் மாறுவதைச் செயலி காட்டாது. அந்த முகமாற்றமே பாடம்.

முடிவுரை

1961இல் தொடங்கிய அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் தன் தமிழ்ப் பயிற்சியை மதுரையில் நடத்திவந்திருக்கிறது. வகுப்பறையோடு நில்லாமல் மாணவர்கள் இங்குள்ள குடும்பங்களோடு தங்குகிறார்கள். எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் இரண்டுமே பாடம். வீரமாமுனிவர் இரண்டு இலக்கணமாகப் பிரித்ததை இவர்கள் காலையில் வகுப்பிலும் மாலையில் அடுப்படியிலும் கற்கிறார்கள்.

நம் பிள்ளைகளுக்கும் இது கிட்டாததல்ல. முப்பது நாள் புத்தகங்கள் சௌராஷ்டிர நூல்களைப் பார்த்துச் சிற்றெண் இடலாம். டியூஷன் வீடுகள் தேர்வுப் பாடத்துக்கு நடுவே ஒரு வேடிக்கைக் கதை வைக்கலாம். காளவாசலின் உணவகங்களிலும் கட்டட வேலையிடங்களிலும் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழுக்குத் தடுமாறுகிறார்கள். அடுத்த தெருவில் நம் பிள்ளைகள் இந்திக்குத் தடுமாறுகிறார்கள். வாரம் ஒரு மணி நேரம் இவர்களை ஒரு திண்ணையில் எதிரெதிரே உட்கார வைத்தால், ஒருவர் கானாவை மற்றவர் திருத்துவார். மற்றவர் ழகரத்தை இவர் திருத்துவார். மணல்கூட வேண்டியதில்லை.