மேஸ்திரி

பாளையம்பட்டியிலோ திருச்சுழிப் பக்கமோ புது வீட்டுக்கு வானம் தோண்ட ஆரம்பித்தால், பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது ‘மேஸ்திரி யாரு?’ என்பதுதான். கொத்தனார், நிமிந்தாள், சித்தாள் என்று பலர் உழைத்தாலும் சுவருக்குப் பொறுப்பு மேஸ்திரி. ‘ஸ்’ இருப்பதால் இதை வடசொல் என்று எண்ணுவோர் உண்டு. இது கடல் தாண்டி வந்த சொல்.

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததற்குப் பின், போர்ச்சுக்கீசியர் கப்பல்களும் பட்டறைகளும் மேற்குக் கரையில் பெருகின. கப்பலில் மாலுமிகளை வேலை வாங்குபவர் ‘மெஸ்த்ரெ’. தச்சுப் பட்டறைத் தலைவரும் ‘மெஸ்த்ரெ’தான். தமிழ் நாக்கில் அது மேஸ்திரி, இந்தியில் மிஸ்திரி. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை ஆகியவையும் அதே கப்பலில் வந்தவை. மேஸ்திரி கட்டும் வீட்டின் பாதிச் சாமான் அவருடைய சொல்லுக்கு உறவு.

மெஸ்த்ரெயின் மூலம் லத்தீன் ‘மகிஸ்தெர்’. ‘மகிஸ்’ என்றால் ‘அதிகம்’. ஆகவே மகிஸ்தெர் மேலானவர், தலைவர், ஆசிரியர். அதே லத்தீனில் ‘மினுஸ்’ என்றால் ‘குறைவு’; அதன் வழி வந்த ‘மினிஸ்தெர்’ வெறும் பணியாள். பிற்காலத்தில் அந்தப் பணியாள் மந்திரியானார், மகிஸ்தெர் சாரத்தில் ஏறிவிட்டார்!

ஸ்பானியர் வாயில் மகிஸ்தெர் ‘மாயெஸ்த்ரோ’. பள்ளிக்கூட வாத்தியாருக்கும் அதே பெயர், கட்டட வேலைத் தலைவருக்கும் அதே பெயர். நம்மிடமும் இது உண்டு: கற்பிக்கும் ‘ஆசாரியர்’தான் மரவேலையில் ‘ஆசாரி’. ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள், கைத்தொழில் தெரிந்தவரைக் குருவாகவே கண்டிருக்கின்றன. அது சரியான பார்வை என்பேன். தூக்குக்குண்டு பிடிப்பதும், மூலைமட்டம் வைப்பதும், கலவையின் பதம் பார்ப்பதும் மேஸ்திரி பக்கத்தில் நின்று படித்துக்கொள்ளும் பாடங்கள்.

சொல்லுக்கு இருண்ட பக்கமும் இருந்தது. ஆங்கிலேயர் காலத்துப் பர்மாவுக்கு முன்பணம் கொடுத்து ஆள் பிடித்துப்போய், ரங்கூன் துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் கூலியில் கழித்துக்கொண்டவரும் மேஸ்திரிதான். இலங்கைத் தோட்டங்களில் அந்த வேலையைச் செய்தவர் கங்காணி.

ஸ்பானியத்தில் ‘மாயெஸ்த்ரா’ என்று பெண்பால் உண்டு. தமிழ் மேஸ்திரிக்கு ஆண்பால் விகுதியே கிடையாது. பெண்ணுக்கும் அப்படியே பொருந்தும். ஆனால் இருபது வருஷம் கலவைச் சட்டி சுமந்து, சுவரின் சூட்சுமம் முழுக்கத் தெரிந்த பெண்ணையும் இன்றுவரை சித்தாள் என்றே கூப்பிடுகிறோம், சித்தாள் சம்பளமே கொடுக்கிறோம்.