நீலகிரியின் பெயர் தாங்கிய மஞ்சள்

கோடை மழை இரண்டு விழுந்ததும் கோத்தகிரிக்குக் கீழே சரிவுப் புல்லில் காட்டு மஞ்சள் பூக்கும். இலை விரியுமுன்னே பூந்தண்டு மண்ணைப் பிளந்து எழும். உச்சியில் இளஞ்சிவப்பு மடல்கள். கீழே பச்சை மடல்களுக்குள் மஞ்சள் பூ. தாவரவியல் நடத்திய காலத்தில் மாணவர்களை அங்கேதான் கூட்டிப்போவேன்.

இதற்குக் குர்குமா நீல்கெரென்சிஸ் என்று பெயரிட்டவர் ராபர்ட் வைட். 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக வந்த ஸ்காட்லாந்துக்காரர். அவருக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையாவும் கோவிந்துவும். அந்த இருவரையும் சொல்லாமல் நான் வைட்டைப் பற்றிப் பேசுவதில்லை. இந்தச் செடி அச்சேறியது 1853இல். அதே ஆண்டு அவர் தாய்நாடு திரும்பினார்.

பூவையும் மடலையும் பார்த்து இனம் பிரித்த காலம் அது. குரோமோசோம் எண்ணிக்கை பிறகு வந்தது. 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ். ராகவனும் கே.ஆர். வெங்கடசுப்பனும் இஞ்சிக் குடும்பத்துச் செடிகளின் குரோமோசோம்களை எண்ணி வெளியிட்டார்கள். எத்தனை பொறுமை வேண்டும் என்பது நுண்ணோக்கியில் குனிந்தவர்களுக்குத் தெரியும். வேர்நுனியைக் கிள்ளி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பார்த்தால், மஞ்சளின் குரோமோசோம்கள் பொடிப்பொடியாகக் கிடக்கும். ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் கணக்குத் தப்பும். சமையல் மஞ்சளுக்கு முதலில் 62 என்றும் 64 என்றும் சொன்னார்கள். பிறகுதான் 63 நிலைத்தது.

இஞ்சிக்கு 22. ஏலத்துக்கு 48. எங்கள் காட்டு மஞ்சளுக்கு 42. மஞ்சள் பேரினத்தின் அடிப்படைக் குரோமோசோம் எண் 7. ஆகவே 42 ஆறு அடுக்கு, 63 ஒன்பது அடுக்கு. ஒற்றைப்படை என்பதால் ஒன்பது அடுக்கு ஒழுங்காகச் சோடி சேராது. மகரந்தமும் சூலும் கெடும். சமையல் மஞ்சளில் விதை அரிது என்பதால் ஈரோட்டு விவசாயி கிழங்கையே நட்டு வருகிறார். வயல் முழுக்க ஏறக்குறைய ஒரே செடிதான். 42 உள்ள இனங்களோ பெரும்பாலும் விதை வைக்கும். முளைக்கும் ஒவ்வொரு கன்றும் புதுக் கலவை. அந்தப் பல்வகைமை சரிவுப் புல்லில்தான் மிஞ்சியிருக்கிறது.

நான் கூட்டிப்போன சரிவில் பாதிக்குத் தேயிலை ஏறிவிட்டது. மீதியைச் சீகை மரமும் உண்ணிச்செடியும் மூடுகின்றன. நிலத்தைப் பார்வையிட வருகிறவர்கள் கோடை மழைக்குப் பின் வரவேண்டும். தை, மாசியில் வந்தால் கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். வெறும் புல் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.