தாலாட்டில் ஒளிந்திருந்த வரலாறு



அண்மையில் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் நாட்டுப்புறப் பாடல்கள் குறித்துப் பேசிக்கொண்டிருந்தபோது 'பிரட்டு' என்னும் சொல்லைப் பயன்படுத்தினேன். ஒரு மாணவி எழுந்து, "அப்படியென்றால் என்ன, டீச்சர்?" என்று கேட்டாள். விடியுமுன் தோட்டத் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் வழக்கம் என்று விளக்கினேன். அவளுடைய பாட்டியும் கிள்ளான் வட்டாரத்தில் பால்மரம் வெட்டியவர்தாம். இரண்டே தலைமுறையில் சொல் மறைந்துவிட்டது. சொல் மறைந்த பின் அச்சொல்லைத் தாங்கிய பாட்டு எப்படி நிற்கும்?

மலாயாவிற்குத் தமிழர்கள் திரளாக வந்த வரலாற்றை நாம் அறிவோம். 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுற்றபின் கங்காணி முறை ஓங்கியது. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் பினாங்கிலும், 1901இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் இறங்கினர். அத்துறைமுகமே இன்றைய கிள்ளான் துறைமுகம். 1938இல் இந்திய அரசு இக்குடியேற்றத்திற்குத் தடை விதித்தது. எத்தனை பேர் வந்தனர், என்ன கூலி பெற்றனர் என்பன அரசுக் குறிப்புகளில் உள்ளன. அவர்கள் மனத்தில் என்ன இருந்தது என்பதை அக்குறிப்புகள் கூறவில்லை. பெரும்பாலோர் எழுதப் படிக்க அறியாதவர்கள். ஆதலால் அவர்கள் விட்டுச்சென்ற ஆவணம் பாட்டு ஒன்றே.

அப்பாடல்களில் என்னென்ன உணர்ச்சிகள் உள்ளன? ஆசை காட்டி அழைத்து வந்த கங்காணியின் மீது கோபம். காசுக் கணக்கில் கிடைத்த கூலியையும் ஒடிந்த முதுகையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கசப்பு. ஊரில் விட்டுவந்த தாயின் நினைவு. கள்ளுக்கடையில் கரைந்த சம்பளத்தைப் பற்றி மனைவியின் புலம்பல். இவற்றோடு கேலியும் உண்டு. துரை, கிராணி, தண்டல் என ஒருவரும் அதற்குத் தப்பவில்லை.

என்னை மிகவும் கவர்வது, யாரை நோக்கிப் பாடுவது, யாருக்காகப் பாடுவது என்னும் நுட்பமே. தண்டலை எதிர்த்துப் பேசினால் வேலை போய்விடும். ஆகவே தாய் அதைத் தொட்டிலில் கிடக்கும் குழந்தையிடம் கூறினாள். இருட்டிலேயே குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு நிரைக்கு ஓட வேண்டியவள் அவள். தாலாட்டு என்ற பெயரில் குற்ற உணர்வையும் சினத்தையும் ஒருசேரப் பாடித் தீர்த்தாள். குழந்தை உறங்கியது; பக்கத்து லயத்தில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது.

இது நமக்கு மட்டும் உரிய வழக்கன்று. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களும், அவர்கள் வழிவந்த சிறைக்கைதிகளும் வேலைப் பாட்டில் மேற்பார்வையாளனை மறைமுகமாக ஏசினர். 1933இல் ஜான் லோமாக்ஸ் தம் மகன் ஆலனுடன் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு அச்சிறைகளுக்கே சென்றார். லூசியானாவின் அங்கோலா சிறையில் ஹடி லெட்பெட்டர் என்னும் கைதியின் குரலைப் பதிவு செய்தார். அக்குரல் இன்றும் கேட்கிறது.

நம்மவர்களும் வாளாவிருக்கவில்லை. இலங்கை மலையகத்தில் சி.வி. வேலுப்பிள்ளை பாடல்களைத் திரட்டி நூலாக்கினார். இங்கே இரா. தண்டாயுதமும் முத்தம்மாள் பழனிசாமியும் தொகுத்தனர். அவர்களுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். எனினும், ஏட்டில் ஏறியது சொல்; ஏறாமல் போனது குரல்.

இங்கே என் தவறு ஒன்றையும் கூற வேண்டும். என் பாட்டி ஓர் ஒப்பாரி பாடுவார். அதில் 'சயாம்' என்னும் சொல் திரும்பத் திரும்ப வரும். சப்பானியர் காலத்தில், 1942-43இல், 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா இரயில் பாதை அமைக்கத் தோட்டத் தமிழர்கள் ஆயிரமாயிரமாகக் கொண்டுசெல்லப்பட்டனர். பாட்டியின் அண்ணனும் போனார், திரும்பவில்லை. நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றபோது நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டும் பணி ஒன்று கொடுத்தார்கள். நூலகத்தில் அமர்ந்து, தமிழகத்து நூல்களைப் பார்த்துப் பக்கம் பக்கமாக எழுதினேன். வீட்டில் இருந்த பாட்டியிடம் ஒரு வரி கேட்கவில்லை. நல்ல புள்ளிகள் கிடைத்தன. மறு ஆண்டு பாட்டி காலமானார். இன்று அந்த இராகம் மட்டும் என்னிடம் இருக்கிறது. சொற்களில் 'சயாம்' ஒன்றைத் தவிர வேறெதுவும் நினைவில்லை.

சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் நகரமாகிவிட்டது. சீபீல்டு தோட்டத்தின் மேல் சுபாங் ஜெயா எழுந்துள்ளது. பிரிக்பீல்ட்ஸில் பரதமும் கர்நாடக இசையும் கற்க நல்ல இடங்கள் உள்ளன, மகிழ்ச்சியே. தோட்டப் பாட்டைக் கற்பித்த பள்ளிகளோ லயத்து வாசலும் ஆயாக் கொட்டகையுமே. அவற்றைத் தேடி இனி எங்கே போவது?

அந்த மாணவிக்கு நான் கொடுத்த வீட்டுப்பாடம் ஒன்றுதான்: "பாட்டியைப் பாடச் சொல், கைப்பேசியில் பதிவு செய்." திங்கட்கிழமை அவள் கொண்டுவந்தாள். இரண்டு நிமிடப் பாட்டு; நடுவில் பாட்டி இருமுகிறார், வரியை மறந்து சிரிக்கிறார். வகுப்பு முழுவதும் அமைதியாகக் கேட்டது.

உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருக்கலாம். இன்றே கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை