பிரிவின் அறையில் ஒளிர்ந்த நட்சத்திரம்



திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு நெருங்கிவிட்டது. பரணிலிருந்து காகித நட்சத்திரத்தை இறக்கித் தூசி தட்டி, வாசலில் தொங்கவிட ஆயத்தமாயிருப்பீர்கள். அதற்கு முன்பாக, வேறொரு தேசத்துப் பிள்ளைகள் செய்த நட்சத்திரத்தின் வரலாற்றைச் சற்றே சிந்தியுங்கள்.

1722-ஆம் ஆண்டில், விசுவாசத்தினிமித்தம் மொரேவியாவை விட்டு வெளியேறிய சிலருக்கு, ஜெர்மனியின் சாக்சனியில் சின்சென்டார்ஃப் பிரபு தமது நிலத்தில் இடமளித்தார். அங்கே எழுந்த ஊர் ஹெர்ன்ஹூட். அச்சிறிய சபை 1732-இல், மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைப்பட்டிருந்தோருக்கு நற்செய்தி சொல்லத் தன் முதல் மிஷனெரிகளை அனுப்பியது. மறு ஆண்டே கிரீன்லாந்துக்கும் ஊழியர் சென்றனர். 1760-இல் அச்சபையின் சகோதரர்கள் நம்முடைய தரங்கம்பாடிக்கும் வந்து சேர்ந்தார்கள்.

இவர்களுடைய தியாகத்தை நாம் அடிக்கடி பேசுகிறோம். அவர்களுடைய பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதில்லை. கல்வி கற்கும் பருவம் வந்ததும் மிஷனெரிகளின் பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து, கப்பலேறி, ஐரோப்பாவிலுள்ள சபையின் விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரு கடிதம் வந்துசேர மாதங்கள் ஆகும். பலர் ஆண்டுக்கணக்கில் தாய்முகம் காணவில்லை; சிலர் மீண்டும் காணவேயில்லை. தியாகம் செய்யப் பெற்றோர் மனமுவந்தார்கள். பிள்ளைகளின் சம்மதத்தையோ எவரும் கேட்கவில்லை. இதை மறைத்து வரலாறு எழுதுவது உண்மையாகாது.

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஹெர்ன்ஹூட்டுக்கு அருகிலுள்ள நீஸ்கியின் விடுதிப் பள்ளியில் வடிவியல் பாடத்தின் பகுதியாகக் காகித நட்சத்திரம் செய்யக் கற்பித்தனர். இன்றளவும் அதன் வடிவம் கணக்குப் பிசகாதது. 18 சதுரங்களும் 8 முக்கோணங்களுமாக 26 முகங்கள் கொண்ட ஓர் உரு. ஒரு முகம் தொங்கவிடுவதற்கு. மற்ற 25 முகங்களிலும் கூர்மையான கதிர்கள். நடுவே விளக்கு.

பாடமாகத் தொடங்கியது விடுதி அறைகளில் வழக்கமாயிற்று. திருவருகையின் முதல் ஞாயிறன்று பிள்ளைகள் நட்சத்திரம் செய்து ஏற்றினார்கள். வீட்டு நினைவு அதிகமாய் வாட்டும் நாட்கள் அவை. பின்னர் அங்கே பயின்ற பீட்டர் வெர்பேக் என்பவர் அந்நட்சத்திரங்களை ஹெர்ன்ஹூட்டில் விற்கத் தொடங்கினார். அவருடைய மகன் அதனை ஒரு தொழிலாகவே வளர்த்தார். இன்று அந்த ஊரின் பெயராலேயே அது உலகெங்கும் அறியப்படுகிறது.

அன்பானவர்களே, காகிதமும் பசையும் அப்பிள்ளைகளுக்குப் பெற்றோரைத் திருப்பித் தரவில்லை. ஆயினும் கையில் ஒரு வேலையையும், இருளில் ஒரு வெளிச்சத்தையும், உடன் அமர்ந்து மடித்து ஒட்ட ஒரு தோழனையும் தந்தன. நட்சத்திரத்தைக் கண்ட சாஸ்திரிகள் மிகவும் மகிழ்ந்ததாக மத்தேயு எழுதுகிறார் (2:10). அப்பொழுது அவர்களும் தங்கள் வீட்டைவிட்டு வெகுதூரத்தில் இருந்தவர்களே என்பதை மறவாதீர்கள்.

நம் சபையிலும் இந்த டிசம்பரில் ஒரு நாற்காலி காலியாயிருக்கும் வீடுகள் உண்டு. வளைகுடாவில் தகப்பன், வெளியூர் விடுதியில் மகள், கடல் கடந்த மகனுடைய தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கும் முதிய தாய். ஆகவே இவ்வாண்டு கடையில் வாங்குவதோடு நின்றுவிடாமல், ஒரு நட்சத்திரத்தையாவது வீட்டில் உங்கள் கைகளாலே செய்யுங்கள். மடிப்பு கோணலானாலும் குற்றமில்லை. அதைச் செய்ய, தனித்திருக்கும் ஒருவரை உங்கள் மேசைக்கு அழையுங்கள். உங்கள் பிள்ளை தொலைவில் இருந்தால், ஒரு கதிரை ஒட்டாமல் வைத்திருந்து, அவன் வரும் நாளில் அவன் கையால் ஒட்டச் சொல்லுங்கள்.

ஜெபம்: எங்களைத் தேடிப் பரலோக வீட்டை விட்டு வந்த ஆண்டவரே, பிரிவினால் வாடும் ஒவ்வொரு வீட்டிலும் உம்முடைய ஒளி தங்குவதாக. ஆமென்.