ஆஸ்பத்திரி வீதியில் ஓர் அறை

யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் அதன் வெண்ணிற மாளிகையின் கம்பீரத்தையோ, 1981ஆம் ஆண்டில் அதனை விழுங்கிய அக்கினியையோ முதலில் எடுத்துக்கொள்வது வழக்கம். அவ்விரண்டுக்கும் நெடுங்காலம் முற்பட்ட ஒரு சிறு காரியத்தையே, அதாவது கே. எம். செல்லப்பா என்னும் நீதிமன்ற உத்தியோகத்தர் 1933ஆம் ஆண்டில் தம் வீட்டுப் புத்தகங்களைப் பிறருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கியதையே, இம்மலரில் நினைவுகூர விழைகின்றேன்.

புத்தகத்தை இரவல் கொடுத்தல் எத்துணைக் கடினமான தர்மம் என்பதை நூல் சேர்ப்போர் அறிவர். பொருள் கொடுத்தவன் கொடுத்ததை மறந்துவிடலாம். புத்தகம் கொடுத்தவனோ, அது திரும்பி வரும்வரையில், அலமாரியில் அது விட்டுச்சென்ற வெற்றிடத்தை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த வெற்றிடத்தைச் செல்லப்பா விரும்பி ஏற்றுக்கொண்டார். அதனோடு அமையாது, அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில், யாழ்ப்பாணத்தில் இலவசத் தமிழ் நூலகம் ஒன்று அமைதல் வேண்டும் என்று ஊராருக்கு விண்ணப்பமும் செய்தார்.

‘இலவச’, ‘தமிழ்’ என்னும் அவ்விரு சொற்களையும் சற்றே நின்று நோக்குதல் தகும். ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிய நாடு அது. கலித்தொகையை 1887இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையைப் பெற்ற நாடும் அதுவே. எனினும், அச்சாகி வெளிவந்த அந்நூல்களைப் பொருளற்ற ஒரு மாணாக்கன் எங்கே சென்று படிப்பான் என்னும் வினாவுக்கு விடை எளிதாக இருக்கவில்லை. நூல்களைப் பதிப்பித்த புலவர்களைக் கொண்டாடிய நாம், அவற்றைப் படிப்பவன் கையிற் கொண்டுசேர்த்த இந்த உத்தியோகத்தரைப் போதிய அளவு கொண்டாடவில்லை என்பதே என் ஆற்றாமை.

விண்ணப்பத்தின் பயனாக 1934இல் நீதிபதி சி. குமாரசுவாமியைத் தலைவராகவும் செல்லப்பாவைச் செயலாளராகவும் கொண்ட குழு அமைந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் முதலாந் திகதி, ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில், 844 நூல்களோடும் ஏறத்தாழ 30 பத்திரிகை சஞ்சிகைகளோடும் நூலகம் திறக்கப்பட்டது. இரண்டே ஆண்டில் அவ்வறை போதாமல் பிரதான வீதிக்குப் பெயர நேர்ந்ததெனின், வாசகர்களின் தாகத்தை உய்த்துணரலாம். சந்தா 3 ரூபாய் வைக்கப்பட்டதெனினும், சிறியோர் பெரியோர் யாவருக்கும் கதவு திறந்தே இருந்தது.

செல்லப்பாவின் பெருந்தன்மைக்குச் சிகரமாக நான் கருதுவது, தம் வீட்டில் முளைத்ததை நகருக்கே ஒப்படைத்து, அது பிறர் கையில் வளர்வதைக் கண்டு மகிழ்ந்ததாகும். பொதுக் கைங்கரியங்களைத் தொடங்கியவர்கள் பலர் இறுதிவரை அவற்றின் திறவுகோலைத் தம் மடியிலேயே முடிந்து வைத்திருக்கக் கண்டிருக்கின்றோம். செல்லப்பா அவ்வாறு செய்யாமையினாலேயே, சென்னைக் கட்டடக் கலைஞர் எஸ். நரசிம்மனின் திராவிட பாணி வரைபடத்தோடும் நூலகவியல் மேதை எஸ். ஆர். ரங்கநாதனின் ஆலோசனையோடும் எழுந்த மாளிகை 1959இல் திறக்கப்பட்டபோது, அது நகரத்தார் யாவருக்கும் சொந்தமாய் நின்றது.

1981 ஜூன் முதலாந் திகதியின் விடியலுக்குள் 97,000 அளவான நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. தீயைக் கண்ணுற்ற பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் அதிர்ச்சியில் உயிர்நீத்தார். அதற்குமேல் எழுத மனம் ஒருப்படவில்லை.

பின்னாளில், புனரமைப்பை முன்னிட்டு, ஆளுக்கொரு செங்கல்லும் ஒரு புத்தகமும் தாரீர் என்று இயக்கம் நடந்தது. தமிழரும் சிங்களவரும் தம் வீட்டு அலமாரிகளிலிருந்து நூல்களை எடுத்துக் கொடுத்தனர். அந்நூலகம் முதலில் முளைத்ததும் அவ்வாறே ஒரு வீட்டின் புத்தகங்களிலிருந்துதான்.