விளிம்பில் தண்ணீர் இல்லை

1901 செப்டம்பர் 17 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள வில்லியம்ஸ் என்ற சிற்றூரிலிருந்து புறப்பட்ட சான்டா ஃபே நிறுவனத்தின் ரயில், 64 மைல் கடந்து கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தென்விளிம்பில் போய் நின்றது. அதுவரை ஃபிளாக்ஸ்டாஃப் போன்ற ஊர்களிலிருந்து குதிரை வண்டியில் புழுதி குடித்தபடி குலுங்கிக்கொண்டு போனவர்களுக்குத்தான் அந்தக் காட்சி வாய்த்தது. ரயில் வந்ததும் கூட்டம் வந்தது. 1905இல் எல் டோவார் என்ற பெரிய ஹோட்டலும் எழுந்தது.

ஆனால் குடிக்கத் தண்ணீர்? ஒரு மைல் ஆழத்தில் கொலராடோ ஆறு ஓடுகிறது. மேலேயுள்ள சுண்ணாம்புப் பாறையோ விழுகிற மழையை அப்படியே உள்ளே இறக்கிவிடுகிறது. 120 மைலுக்கு அப்பாலிருந்து டேங்கர் வேகன்களில் ரயில்தான் தண்ணீர் சுமந்து வந்தது.

கோல்ப் சகோதரர்களின் பிழைப்பைப் பார்த்தால் இந்தத் தட்டுப்பாடு விளங்கும். எல்ஸ்வொர்த், எமரி என்ற அந்த இருவரும் பிரைட் ஏஞ்சல் பாதையின் தலைப்பில் ஸ்டுடியோ வைத்திருந்தார்கள். காலையில் கோவேறு கழுதைகளில் இறங்கும் பயணிகளைப் படம் பிடிப்பார்கள். படம் பதிந்த கண்ணாடி பிளேட்டுகளைக் கழுவச் சுத்தமான தண்ணீர் மேலே கிடையாது. நாலரை மைல் கீழே, 3,000 அடி இறக்கத்தில், ஒரு ஊற்று இருந்தது. எமரி பிளேட்டுகளோடு ஓடி இறங்குவார். அங்கிருந்த இருட்டறையில் கழுவிக்கொண்டு, பயணிகள் திரும்புவதற்குள் மேலே ஓடி வந்துவிடுவார். படம் தயாராக இருக்கும்.

அந்தப் பாதையையும் சும்மா விடவில்லை. ரால்ஃப் கேமரன் என்பவர் சுரங்க உரிமை காட்டி, சவாரி போகிற ஒவ்வொருவரிடமும் ஒரு டாலர் சுங்கம் வாங்கினார். 1920இல் உச்ச நீதிமன்றம் அவருடைய உரிமை செல்லாது என்றது. அதே ஆண்டு அவர் செனட்டராகத் தேர்வானார்!

இத்தனை பேர் பங்கு போட்டுக்கொண்ட பாதையும் ஊற்றும் உண்மையில் அங்கு வாழ்ந்த பழங்குடியினரான ஹவசுபாய் மக்களுடையவை. ஊற்றங்கரையில் சோளமும் அவரையும் பூசணியும் விளைவித்தவர்கள் அவர்கள். 1882இல் அரசு அவர்களுக்கு ஒரு கிளைப் பள்ளத்தாக்கில் 518 ஏக்கரை மட்டும் ஒதுக்கியது. 1919இல் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா ஆனது. அடுத்த சில ஆண்டுகளில் ஊற்றங்கரையில் மிஞ்சியிருந்தவர்களும் வெளியேற்றப்பட்டார்கள். இயற்கையைக் காப்பதற்காக என்று சொல்லி, அதைக் காத்து வந்தவர்களையே விரட்டியது பெரிய அநியாயம். விரட்டிய பின் 1932இல் அதே ஊற்றுக்குப் பம்பு வைத்து, விளிம்பிலுள்ள ஹோட்டல்களுக்குத் தண்ணீர் ஏற்றினார்கள்.

நெடிய போராட்டத்துக்குப் பின் 1975இல் ஏறக்குறைய 1,85,000 ஏக்கர் ஹவசுபாய் மக்களிடம் திரும்பியது. ஊற்றங்கரை அதில் சேரவில்லை. 2022இல்தான் அந்த இடத்துக்கு ஹவசுபாய் கார்டன்ஸ் என்று அவர்கள் பெயரைச் சூட்டினார்கள். தென்விளிம்புக்குப் போகும் குடிநீர் இப்போது வடக்குச் சரிவிலுள்ள ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றிலிருந்து குழாயில் வருகிறது. அதை மேலே ஏற்றும் பம்பு இருப்பது ஹவசுபாய் கார்டன்ஸில்தான்.